விழா மேடையில் கை எங்கே இருக்க வேண்டும்: பிரமுகர்களுக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு விழாவில் பிரமுகர்கள் ஒருவரை ஒருவர் தொடும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு நிமிடம்கூட வராது. ஆனால் மறுநாள் பேச்சு முழுக்க அதைப் பற்றியே இருக்கும். பேசிய உரை மறந்துபோகும்; தோளில் விழுந்த கை மறக்காது.

மேடைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வேறு இடத்தில் ஒருவர் கட்டியணைக்க வந்தால் நகர்ந்துகொள்ளலாம், 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். மேடையில் முன்னால் கூட்டம், பக்கத்தில் கேமரா, கையில் விருது. விலகினால் எதிரில் நிற்பவரை அவமதித்ததாகச் சொல்வார்கள். விலகாமல் நின்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே அடிப்படையில் நிற்கிறது: மேடையில் யாருக்கு அதிகாரம் கூடுதலோ, கையைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் பொறுப்பும் அவருக்கே கூடுதல். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள படிகளில் பாதி தானாகவே வந்துவிடும்.

முதல் படி: விழாவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்

ஏற்பாட்டாளர்கள் மேடை அலங்காரத்துக்கும் இருக்கை வரிசைக்கும் வாரக்கணக்கில் செலவிடுகிறார்கள். மேடையேறுபவர் எப்படி வாழ்த்தப்பட விரும்புகிறார் என்று கேட்பதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும், ஆனால் அதைச் செய்பவர்கள் குறைவு. கேட்க வேண்டியது அதிகம் இல்லை. கைகுலுக்குவாரா, கைகூப்புவாரா? கை, தோள், முதுகு எங்காவது காயமோ வலியோ உண்டா? பதக்கத்தையோ பட்டையையோ இன்னொருவர் அணிவிக்கலாமா, கையில் வாங்கிக்கொள்வாரா? வரும் பதில்களை ஒரு சின்னத் தாளில் எழுதி, விருது வழங்குபவரின் உதவியாளரிடம் முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். மேடைப் படிக்கட்டில் வைத்துக் காதில் சொல்வதால் பயனில்லை. அந்த நேரத்தில் எதுவும் மண்டையில் ஏறாது.

உலகத் தலைவர்களே இப்படி ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். 1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேல் பிரதமர் யிட்ஸாக் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத்தும் கைகுலுக்க வேண்டியிருந்தது. ராபினுக்குக் கைகொடுக்கவே மனமில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார், முத்தம் மட்டும் கூடாது என்ற நிபந்தனையோடு. அராஃபத் கன்னத்தில் முத்தமிட்டு வாழ்த்தும் பழக்கம் உள்ளவர். அதிபர் கிளிண்டனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் ஆண்டனி லேக்கும் இதற்காகவே பயிற்சி செய்து பார்த்தார்கள். வலது கையால் குலுக்கும்போதே இடது கையை எதிரில் இருப்பவரின் முழங்கை மடிப்பில் வைத்து லேசாக அழுத்தினால், அவரால் அதற்குமேல் நெருங்கி வர முடியாது. கிளிண்டனை முத்தமிட முடியவில்லை என்றால் ராபினையும் முத்தமிட முயல மாட்டார் என்பது கணக்கு. பார்த்தவர்களுக்கு அது தோழமையாகத் தெரிந்தது; ராபினின் நிபந்தனையும் நிறைவேறியது. முன்கூட்டியே பேசி வைப்பதன் பலன் இதுதான். யாரும் யாரையும் தள்ளிவிட வேண்டிய நிலை வரவில்லை.

இரண்டாம் படி: முதலில் கை நீட்டுவது யார்

பொது வழக்கம் எளிது. விருந்தினரை வரவேற்பவர் முதலில் கை நீட்டுவார். பதவியில் மூத்தவர் இளையவருக்கு நீட்டுவார். அரச குடும்பத்தினரோ நாட்டின் தலைவரோ எதிரில் இருந்தால், அவர் நீட்டும்வரை மற்றவர் காத்திருப்பார். பெண்தான் முதலில் கை நீட்ட வேண்டும் என்ற பழைய விதி, அரசு நிகழ்ச்சிகளில் இப்போது பதவி வரிசைக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனாலும் எதிரில் இருப்பவர் கை நீட்டுகிறாரா என்று அரை விநாடி பார்த்துவிட்டு நம் கையை உயர்த்துவதால் எந்த மரியாதையும் குறையப் போவதில்லை. அந்த அரை விநாடிதான் இந்தப் படியின் உயிர்.

இதெல்லாம் எழுதப்பட்ட சட்டமா என்றால், இல்லை. பிரிட்டன் அரச குடும்பத்தைச் சந்திப்பவர்களுக்குக் கட்டாய நடத்தை விதி எதுவும் கிடையாது என்று அந்தக் குடும்பத்தின் அதிகாரபூர்வ இணையதளமே சொல்கிறது. ஆனால் எழுதாத வழக்கத்துக்கு இருக்கும் வலு தனி. ஆஸ்திரேலியப் பிரதமர் பால் கீட்டிங் 1992இல் ராணி இரண்டாம் எலிசபெத்தின் முதுகுப் பக்கம் கைவைத்து அழைத்துச் சென்றபோது பிரிட்டிஷ் பத்திரிகைகள் கொதித்துவிட்டன. 2009 ஏப்ரலில் பக்கிங்ஹாம் அரண்மனை வரவேற்பில் மிஷெல் ஒபாமா ராணியின் முதுகில் கைவைத்தபோதும் அதே பேச்சு எழுந்தது. ஆனால் ராணியின் கையும் மிஷெலின் இடுப்பைச் சுற்றியிருந்தது. இருவரும் இயல்பாகக் காட்டிக்கொண்ட பரஸ்பர அன்பு அது என்று அரண்மனைத் தரப்பே சொல்லிவிட்டது. தொட்டதைவிட, தொடப்பட்டவர் என்ன செய்தார் என்பதே அங்கே முக்கியம்.

இன்னொரு சின்ன விஷயம்: இரண்டு மரபுகளை ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். 2009 நவம்பரில் டோக்கியோவில் பேரரசர் அகிஹிட்டோவைச் சந்தித்த அமெரிக்க அதிபர் ஒபாமா, கைகுலுக்கிக்கொண்டே ஆழமாகக் குனிந்தார். மரியாதைதான் நோக்கம். ஆனால் சொந்த நாட்டில் நாள்கணக்கில் விமர்சனம் கேட்க வேண்டியிருந்தது. குனிந்து வணங்குவதென்றால் அதை முடித்துவிட்டுக் கைகொடுக்கலாம். இரண்டையும் கலந்தால் தலையோடு தலை மோதும் அபாயமும் உண்டு.

மூன்றாம் படி: கைகுலுக்கல்

வலது கை. உள்ளங்கை செங்குத்தாக இருக்கட்டும். மேலிருந்து கவிழ்த்துப் பிடிப்பது அமுக்குவது போலத் தெரியும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள பகுதி எதிரில் இருப்பவரின் அதே பகுதியைத் தொடும்வரை கை உள்ளே போக வேண்டும். அங்கே போய்ச் சேராமல் விரல்களை மட்டும் பிடித்தால்தான் விரல் நசுங்குகிறது. இரண்டு மூன்று விநாடி, ஓரிரு அசைவு, கண்ணைப் பார்ப்பது, விடுவது. இடது கை உடலோடு ஒட்டி இருக்கட்டும். புகைப்படக்காரர் இன்னொரு படம் கேட்டால் கையை விட்டுவிட்டு மறுபடி கொடுக்கலாம். பிடித்தபடியே நிற்க வேண்டிய அவசியமில்லை.

இழுப்பதும் நெரிப்பதும் பலத்தைக் காட்டும் என்று நினைக்கிறவர்கள் 2017ஐ நினைத்துப் பார்க்கலாம். பிப்ரவரியில் டிரம்ப் ஜப்பான் பிரதமர் அபேயின் கையை 19 விநாடி பிடித்து வைத்திருந்தார். கையை விட்டதும் அபே முகத்தில் தெரிந்த பெருமூச்சுதான் உலகம் முழுக்கப் பரவியது. மே மாதம் பிரஸ்ஸல்ஸில் பிரெஞ்சு அதிபர் மாக்ரோனும் டிரம்பும் விரல் முட்டி வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அது தற்செயலானதல்ல என்று மாக்ரோனே பிறகு சொன்னார். இரண்டு சந்திப்பிலும் என்ன பேசினார்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

கையில் காயமோ குறைபாடோ உள்ளவரைப் பற்றி முன்பே தெரிந்துகொள்வது அவருக்குச் செய்யும் பெரிய உதவி. அமெரிக்க செனட்டர் பாப் டோலுக்கு இரண்டாம் உலகப்போரில், 1945இல் இத்தாலியில் பட்ட காயத்தால் வலது கை செயலிழந்தது. பொது இடங்களில் அந்தக் கையில் எப்போதும் ஒரு பேனாவைப் பிடித்திருப்பார். யாரும் ஆர்வத்தில் அந்தக் கையைப் பற்றி இழுத்துவிடக் கூடாது என்பதற்காக. குலுக்குவது இடது கையால். எதிரில் இருப்பவர் இடது கையை நீட்டினால், கேள்வி கேட்காமல் நீங்களும் இடது கையை நீட்டுங்கள்.

நான்காம் படி: கை கொடுக்காதவர் முன்னால்

மத நம்பிக்கையாலோ உடல்நலக் காரணத்தாலோ தனிப்பட்ட விருப்பத்தாலோ கைகுலுக்காதவர்கள் உண்டு. எதிர்பாலினத்தவரை மட்டும் தொடாதவர்களும் உண்டு. நீங்கள் கை நீட்டிவிட்டீர்கள், எதிரில் இருப்பவர் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிகிறார். சரி, என்ன செய்வது? நீட்டிய கையை வெடுக்கென்று இழுக்காமல், அப்படியே மேலே கொண்டுபோய் உங்கள் நெஞ்சில் வைத்துத் தலையசையுங்கள். பார்ப்பவர்களுக்கு அது நிறுத்தப்பட்ட கைகுலுக்கலாகத் தெரியாது. காரணம் கேட்பது, 'பரவாயில்லை, இன்று ஒரு நாள்' என்று வற்புறுத்துவது, இரண்டும் கூடாது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது மாக்ரோன் ஸ்பெயின் அரசரைக் கைகூப்பியே வரவேற்றார். தொடாமலும் மரியாதை முழுமையாக இருக்கும் என்பதற்கு அந்தக் காலமே சாட்சி.

ஐந்தாம் படி: விருதும் பதக்கமும்

மேடையில் அதிகம் தவறு நடக்கும் இடம் இது. கொடுப்பவர் அதிகாரத்தில் இருக்கிறார், வாங்குபவர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார், கூட்டம் கைதட்டுகிறது. எல்லை மங்கிப்போவது இங்கேதான்.

சான்றிதழோ கேடயமோ என்றால் வழி எளிது. கொடுப்பவர் இடது கையால் கொடுக்க, வாங்குபவர் இடது கையால் பெற, இருவரின் வலது கைகளும் குலுக்கலுக்குக் காலியாக இருக்கும். இருவரும் கேமரா பக்கம் சற்றுத் திரும்பி நிற்க வேண்டும். கனமான கேடயமென்றால் இரண்டு கையாலும் வாங்கட்டும், கைகுலுக்கலை விட்டுவிடலாம். கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கை நீட்டும் அவஸ்தையை யாருக்கும் தர வேண்டாம். எங்கே இடது கையால் கொடுப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறதோ, அங்கே இரு கைகளாலும் கொடுத்து முடித்துவிட்டு அப்புறம் கைகுலுக்கலாம்.

பதக்கம் என்றால் கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் அது கழுத்தையும் நெஞ்சையும் தொடும் வேலை. பக்கிங்ஹாம் அரண்மனையில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. மார்பில் பதக்கம் பெறுபவரின் உடையில் ஒரு சிறிய கொக்கியை முன்பே மாட்டிவிடுகிறார்கள். வழங்குபவர் பதக்கத்தை அந்தக் கொக்கியில் தொங்கவிட்டால் போதும். துணிக்குள் விரல் நுழைத்து ஊசி குத்தும் வேலையே இல்லை. நைட் பட்டம் பெறுபவர் முழந்தாளிட, வாள் இரு தோள்களையும் மெல்லத் தொடுகிறது. அத்தனை பெரிய கௌரவத்தைக் கையே படாமல் வழங்கிவிடுகிறார்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தொற்று அச்சத்தால் பதக்கங்கள் தட்டில் நீட்டப்பட்டன, வீரர்கள் தாங்களே எடுத்து அணிந்துகொண்டார்கள். அதனால் பதக்கத்தின் மதிப்பு கொஞ்சமும் குறையவில்லை. அணிவிக்க வேண்டுமென்றால் நாடாவை இரு கைகளாலும் அகலமாக விரித்துப் பிடியுங்கள், அவர் தலையைக் குனியட்டும், நாடா கழுத்தில் விழுந்ததும் கையை எடுத்துவிடுங்கள். முடியை ஒதுக்குவது, பதக்கத்தை நெஞ்சில் நேராக்கி விடுவதெல்லாம் அணிபவரின் வேலை.

2023 ஆகஸ்ட் 20 அன்று சிட்னியில் நடந்ததை இங்கே சொல்லாமல் போக முடியாது. பெண்கள் உலகக்கோப்பை கால்பந்து இறுதியில் ஸ்பெயின் இங்கிலாந்தை 1-0 என்று வென்றது. பதக்க மேடையில் ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் லூயிஸ் ருபியாலெஸ், வீராங்கனை ஜென்னி எர்மோசோவின் தலையை இரு கைகளாலும் பிடித்து உதட்டில் முத்தமிட்டார். சம்மதத்தோடுதான் நடந்தது என்றார் அவர். தான் சம்மதிக்கவே இல்லை என்றார் எர்மோசோ. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா ருபியாலெஸை இடைநீக்கம் செய்தது, செப்டம்பர் 10 அன்று அவர் பதவி விலகினார், பிறகு மூன்றாண்டுத் தடையும் வந்தது. 2025 பிப்ரவரியில் ஸ்பெயின் நீதிமன்றம் பாலியல் தாக்குதல் குற்றத்தை உறுதிசெய்து 10,800 யூரோ அபராதம் விதித்தது.

இதில் என்னை அதிகம் வருத்துவது ஒன்று. ஒரு வீராங்கனையின் வாழ்க்கையின் மிகப் பெரிய நாள் அது. அந்த நாளைப் பற்றி அவர் பேச வேண்டியிருந்ததெல்லாம் இன்னொருவர் செய்ததைப் பற்றி. தலையைப் பிடிக்கும் கை, முகத்தைப் பிடிக்கும் கை எதுவானாலும் அது எதிரில் இருப்பவரின் விலகும் வழியை அடைக்கிறது. வெற்றியின் மகிழ்ச்சி அதற்கு அனுமதி ஆகாது. பதக்கம் தருபவர் உற்சாகத்தில் இருந்தால், அந்த உற்சாகத்தைக் கைதட்டலில் காட்டட்டும்.

ஆறாம் படி: முதுகும் தோளும்

பின்னாலிருந்து தொடக் கூடாது. இதற்கு விதிவிலக்கு, ஒருவர் மேடையிலிருந்து விழப்போகிறார் என்றால் மட்டும். 2006இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஜி8 மாநாட்டில் ஜார்ஜ் புஷ், உட்கார்ந்திருந்த ஜெர்மன் சான்சலர் ஏஞ்சலா மெர்க்கலின் பின்பக்கமாக வந்து தோள்களைப் பிசைந்துவிட்டுப் போனார். மெர்க்கல் திடுக்கிட்டு இரு கைகளையும் மேலே உயர்த்தியது படத்தில் பதிவானது. வருகிறவரைப் பார்க்காமல் இருக்கும்போது சம்மதிக்கவும் மறுக்கவும் வாய்ப்பே இல்லை.

வழிகாட்ட வேண்டுமென்றால் அரையடி முன்னால் போய், உள்ளங்கையை விரித்துத் திசை காட்டுங்கள். பார்வையற்றவர் என்றால் அவரைப் பிடித்து இழுக்காமல், 'என் கையைப் பிடித்துக்கொள்கிறீர்களா' என்று கேட்டு உங்கள் முழங்கையை நீட்டுங்கள். சக்கர நாற்காலியும் அதில் இருப்பவரின் உடலைப் போலத்தான். கேட்காமல் தள்ளக் கூடாது, அதில் சாய்ந்து நிற்கவும் கூடாது. குழந்தைகள் மேடையேறினால் தலையைத் தடவுவதும் கன்னத்தைக் கிள்ளுவதும் வேண்டாம். குனிந்து அதன் உயரத்துக்கு வந்து கை நீட்டினால் குழந்தையே முடிவு செய்துகொள்ளும்.

ஏழாம் படி: அணைப்பும் கன்ன முத்தமும்

மேடைக்கு வெளியே ஏற்கெனவே கட்டித்தழுவிப் பழகியவர்களாக இருந்தால் மேடையிலும் தழுவலாம். மேடையில் முதல் முறையாகத் தொடங்க வேண்டாம். இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு வேகமாக வருவது எதிரில் இருப்பவருக்கு வேறு வழியே தருவதில்லை. அவர் கையை நேராக நீட்டிவிட்டார் என்றால் பதில் சொல்லிவிட்டார் என்று பொருள்.

2023 நவம்பரில் பெர்லினில் ஐரோப்பிய அமைச்சர்கள் குழுப்படத்துக்கு நின்றபோது, ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் அன்னலேனா பேர்பாக் கைகொடுக்க, குரோவேஷிய அமைச்சர் கோர்டான் கிர்லிச் ரட்மான் முத்தமிடக் குனிந்தார். பேர்பாக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீட்டிய கையைப் படித்திருந்தால் அந்தத் தருணமே வந்திருக்காது. கன்ன முத்தம் வழக்கமான நாடுகளிலும் எத்தனை முத்தம், எந்தப் பக்கம் முதலில் என்பது இடத்துக்கு இடம் மாறும். வெளியிலிருந்து வருபவர் தொடங்கிவைக்காமல் உள்ளூர்க்காரர் செய்வதைப் பின்பற்றுவது நல்லது.

எதிரெதிர் அணியினர் சந்திக்கும்போது

இங்கே தொடுதலே செய்தி. அதனால் அது திட்டமிட்டே நடக்க வேண்டும். 1954 ஜெனீவா மாநாட்டில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ் கைகுலுக்க மறுத்தது சீனப் பிரதமர் சூ என்லாய்க்கு ஆறாத மனக்குறை என்பது அமெரிக்க அதிபர் நிக்சனுக்குத் தெரியும். அதனால் 1972 பிப்ரவரியில் பெய்ஜிங்கில் விமானப் படிக்கட்டில் இறங்கும்போதே கையை நீட்டிக்கொண்டு போனார். மற்றவர்கள் அந்தப் படத்துக்குள் வராமல் விமானத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டார்கள். 2012 ஜூனில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில், பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதமேந்தி எதிர்த்த ஐஆர்ஏ அமைப்பின் முன்னாள் தளபதி மார்ட்டின் மெக்கின்னஸும் ராணி எலிசபெத்தும் முதலில் மூடிய அறைக்குள் கைகுலுக்கினார்கள், விடைபெறும்போது கேமரா முன் மறுபடி குலுக்கினார்கள். ராணியின் உறவினர் மவுன்ட்பேட்டனை 1979இல் கொன்றது ஐஆர்ஏ. அத்தனை கனமான தொடுதலுக்கு, யாரும் பார்க்காத முதல் கைகுலுக்கல் தேவைப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். பகை இருக்கும் இடத்தில் ஏற்பாட்டாளர்கள் இந்த முறையைத் தாராளமாகப் பின்பற்றலாம்.

தொட வேண்டாம் என்று நினைப்பவருக்கு

கையை முந்தி நீட்டுங்கள், முழங்கையைக் கொஞ்சம் விறைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நீட்டிய கை அளவுக்கு இடைவெளி உங்களுடையது. கைகுலுக்கலும் வேண்டாமென்றால் இரண்டு அடி முன்பே நின்று கைகூப்பிவிடுங்கள். பூங்கொத்தையோ கோப்பையையோ நெஞ்சுக்கு முன் இரு கைகளாலும் பிடிப்பதும் பலன் தரும். எல்லாம் மீறி ஒருவர் நெருங்கினால், ஓரடி பின்வாங்கிக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிடலாம். அப்போது நீங்கள் புன்னகைத்திருந்தாலும், உறைந்து நின்றிருந்தாலும், அது பிறகு புகார் சொல்லும் உரிமையைப் பறித்துவிடாது.

தவறு நடந்துவிட்டால்

அந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கையை எடுத்து, ஓரடி தள்ளி நின்று, நிகழ்ச்சியைத் தொடர்வது. மேடையிலேயே சிரித்துச் சமாளிக்க மறுபடி தொடுபவர்களும் உண்டு, அது இரண்டாவது தவறு. விழா முடிந்த உடனே, தனியாக, உதவியாளரை விட்டுச் சொல்லாமல் நேரில் மன்னிப்புக் கேளுங்கள். 'யாராவது தவறாக எடுத்துக்கொண்டிருந்தால்' என்று தொடங்கும் மன்னிப்பு, குறையை எதிரில் இருப்பவர் தலையில் கட்டுகிறது. 'நான் கேட்காமல் தொட்டேன், மன்னியுங்கள்' என்பது போதும்.

அறிக்கை வெளியிட வேண்டியிருந்தால் உங்கள் பெயரில் உங்கள் செயலைப் பற்றி மட்டும் எழுதுங்கள். சிட்னி சம்பவத்துக்குப் பிறகு, அது பரஸ்பரமான, இயல்பான செயல் என்று எர்மோசோவே சொன்னதாக ஓர் அறிக்கை கூட்டமைப்பிலிருந்து வெளிவந்தது. எர்மோசோ அதை மறுத்தார். தொடப்பட்டவரின் வாயில் வார்த்தையைத் திணிப்பது முதல் காயத்தைவிடக் குறைந்ததல்ல. ஏற்பாட்டாளர்களும் அந்தக் காட்சியை விழாவின் அதிகாரபூர்வப் படத்தொகுப்பிலிருந்தும் காணொளியிலிருந்தும் உடனே தனியாக எடுத்து வைக்க வேண்டும். அழிக்கக் கூடாது, புகார் வந்தால் அதுவே ஆதாரம். வெளியிடலாமா வேண்டாமா என்பதைத் தொடப்பட்டவரிடம் கேட்டு, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.